பாலாவின் மாணி: ஒரு சட்டசபை அங்கத்தினரின் ஐம்பத்திரண்டு ஆண்டுகள்

1965-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் கேரள ராஜ்யத்தில் நடந்த பொதுத் தேர்தலில் 133 பேர் வெற்றி பெற்றார்கள். ஆயினும் அந்தச் சபையில் ஒரு நாளாவது உட்காரும் பாக்கியம் அவர்களில் ஒருவருக்கும் வாய்க்கவில்லை. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. அதிக ஸ்தானங்களைப் பெற்ற மார்க்சிஸ்டுக் கட்சியின் அங்கத்தினர்களிலோ பலர் தேசப் பாதுகாப்பு விதிகளின்கீழ்ச் சிறையில் இருந்தார்கள். மந்திரிசபை அமைக்க யாராலும் இயலாது என்ற முடிவுக்கு அதிகாரிகள் வந்தபின், சபை கூடாமலே கலைக்கப்பட்டது. இவ்விதம் ஜெயித்தும் ஆசனமில்லாமல் வீடு திரும்பியவர்களில் ஒருவர், மீனச்சில் ஆற்றங்கரையில் உள்ள பாலா என்னும் ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட தொகுதியின் பிரதிநிதியான 32 வயது வக்கீல் கே. எம். மாணி. 1967-இல் மறுபடியும் தேர்தல் நடந்தபோது அதே தொகுதி அவரையே தேர்ந்தெடுத்தது. அதற்குப் பிறகு 1970, 1977, 1980, 1982, 1987, 1991, 1996, 2001, 2006, 2011, 2016 என்று வந்த ஒவ்வொரு தேர்தலிலும் அவரையே அனுப்பியது. 2019 ஏப்ரல் 9-ஆம் தேதி அவர் காலமாகும் வரையில், பாலா என்ற தொகுதிக்கு வேறு ஓர் அங்கத்தினர் இருந்ததே இல்லை.

ஒரே தொகுதியில் பதின்மூன்று முறை என்பது வியப்புக்குரிய கணக்குத்தான். ஆனால் கணக்கை மட்டும் வியந்துவிட்டு நிறுத்திக்கொள்வது ஆராய்ச்சிக்கு அழகாகாது. நீண்ட காலம் பதவியில் இருந்தவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய செல்வாக்கையும் சாமர்த்தியத்தையும் வர்ணிப்பார்களே அல்லாமல், அந்தத் தொகுதி ஜனங்களுக்கு எது தேவையாக இருந்தது, அதைக் கொடுக்கும் அதிகாரம் ஒரு ராஜ்ய சட்டசபை அங்கத்தினருக்கு எந்த அளவுக்கு உண்டு என்ற விஷயங்களுக்குள் புகுவதில்லை. மாணியின் வாழ்க்கையில் இந்தக் கேள்விதான் பிரதானமானது என்பது என் அபிப்பிராயம். அவருடைய வாக்காளர்களின் ஜீவனம் எந்தச் சரக்கை நம்பி நடந்ததோ, அந்தச் சரக்கின் விலை திருவனந்தபுரத்தில் நிர்ணயிக்கப்படுவதே இல்லை.

அந்தச் சரக்கு ரப்பர். மீனச்சில் தாலுக்காவின் மேடுகளில் ஏறிப் பார்க்கிறவர்களுக்கு, வரிசை வரிசையாக நிற்கும் ரப்பர் மரங்களே கண்ணுக்கெட்டிய மட்டும் தெரியும். இவை அசாமிலோ நீலகிரியிலோ காணப்படும் பெருந்தோட்டங்களைப் போன்றவை அல்ல. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் என்று குடும்பங்கள் சொந்தமாக வைத்திருக்கும் துண்டு நிலங்கள். விடியுமுன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய், பட்டையைச் சாய்வாகச் சீவிவிட்டு, மரத்தில் கட்டியிருக்கும் சிரட்டையில் சொட்டுச் சொட்டாக வடியும் பாலை வெயில் ஏறுவதற்குள் சேகரித்து, வடிகட்டி, தட்டில் ஊற்றி, அமிலம் கலந்து உறையவைத்து, மறுநாள் உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைக்கூட்டில் உலர்த்திய பின்புதான் அது விற்பனைக்குரிய ‘ஷீட்டு’ ஆகிறது. சிரட்டையிலும் வெட்டுக்காயத்திலும் காய்ந்து ஒட்டியிருப்பது ஒட்டுப்பால். அதற்கு விலை குறைவு. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனைப் பக்கத்து வாசகர்களுக்கு இதையெல்லாம் நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. கன்று நட்டு ஏழு வருஷம் காத்திருந்தால்தான் முதல் வெட்டு; மழை பெய்கிற நாட்களில் வெட்டில்லை. இப்படிச் சம்பாதிக்கும் குடும்பம் ஒன்று, கடைக்காரன் அன்றைக்குச் சொல்லும் கிலோ விலையை எவ்வளவு கவலையோடு செவிமடுக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த விலையோ உலகச் சந்தையாலும், இறக்குமதித் தீர்வையை ஏற்றியிறக்கும் மத்திய சர்க்காராலும் அமைவது. 1947-ஆம் வருஷத்து ரப்பர் சட்டத்தின்படி ஏற்பட்ட ரப்பர் போர்டு பக்கத்திலே கோட்டயத்தில்தான் இருக்கிறது என்றாலும், அது டில்லியின் ஸ்தாபனம். ஆகவே பாலாவின் சட்டசபை அங்கத்தினர் எவ்வளவு பெரிய பிரசங்கியாக இருந்தாலும், அவர் ஓட்டளிக்கக்கூடிய சபையில் ரப்பரின் விலையைப் பற்றிய மசோதா ஒன்று வருவதற்கு வழியில்லை. இந்நிலையில் அவரால் செய்யக்கூடியவை சில உண்டு: ராஜ்யம் விதிக்கும் வரியைக் குறைக்கலாம், குடியேறிய விவசாயிகளுக்கு நிலப்பட்டா வாங்கிக் கொடுக்கலாம், சாலையும் பாலமும் ஆஸ்பத்திரியும் கொண்டுவரலாம், விலை விழுந்தால் கஜானாவிலிருந்து ஈடு செய்யலாம். இந்த நான்கும் யாருடைய மேஜைக்கு வரும் என்று யோசித்தால் நிதி, வருவாய் என்ற இரண்டு இலாகாக்களில் போய் நிற்போம். மாணி தம் வாழ்நாளில் மிகுதியான காலம் வகித்தவை இந்த இரண்டு இலாகாக்களும், இவற்றோடு சட்ட இலாகாவும். இது தற்செயலாக நேர்ந்ததென்று நான் நம்பவில்லை.

அவர் 1933 ஜனவரி 30-ஆம் தேதி மரங்காட்டுப்பிள்ளி என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். திருச்சிராப்பள்ளி செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் படித்தவர் என்பதால், தமிழ் நாட்டோடும் அவருக்கு ஒரு தொடர்பு உண்டு. கோழிக்கோட்டில் வக்கீல் தொழிலைத் தொடங்கி, பிறகு சொந்த ஊர்ப் பக்கம் வந்து, கோட்டயம் மாவட்டக் காங்கிரஸின் காரியதரிசியானார். அப்போது அவர் சாதாரணக் காங்கிரஸ்காரர். 1964-இல் ஆர். சங்கரின் மந்திரிசபையிலிருந்து விலகிய பி. டி. சாக்கோ அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்துபோக, அவருடைய ஆதரவாளர்களான 15 அங்கத்தினர்கள் கே. எம். ஜார்ஜின் தலைமையில் சங்கரின் மந்திரிசபையைக் கவிழ்த்தார்கள். பின்பு அக்டோபர் 9-ஆம் தேதி கோட்டயத்தில் நாயர் சமூகத் தலைவர் மன்னத்துப் பத்மநாபனின் ஆசீர்வாதத்தோடு ‘கேரள காங்கிரஸ்’ என்ற கட்சி பிறந்தது. மத்திய திருவிதாங்கூரின் சிரியன் கிறிஸ்தவ விவசாயிகளும், அவர்களோடு ஒரு பகுதி நாயர்களும் சேர்ந்து அமைத்த கட்சி அது. மாணி அதில் சேர்ந்த சில மாதங்களில் வந்ததுதான் மேலே சொன்ன 1965-ஆம் வருஷத்துத் தேர்தல்.

இங்கே பாலாவைப் பற்றி இன்னொரு சரித்திரத்தையும் சொல்லவேண்டும். 1927-இல் அவ்வூரில் ஸ்தாபிக்கப்பட்டு, நாடெங்கும் கிளைகள் பரப்பிய பாலை சென்ட்ரல் பாங்கு, 1960 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்கின் மனுவின்பேரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான சிறு குடும்பங்களின் சேமிப்பு அதில் சிக்கிக்கொண்டது. பாங்கில் பணம் போடுகிறவர்களுக்கு இன்ஷூரன்ஸ் வேண்டும் என்று நாடே உணர்ந்து, 1962-இல் அதற்கென ஒரு கார்ப்பொரேஷன் ஏற்படுவதற்குப் பெரிய தூண்டுதலாக அமைந்தது இந்த வீழ்ச்சிதான். கணக்குப் புஸ்தகத்தில் டில்லியிலோ பம்பாயிலோ போடப்படும் ஒரு கையெழுத்து மீனச்சில் கரைக் குடும்பங்களை என்ன செய்துவிடும் என்பதை, அப்போது 27 வயதான அந்த வக்கீலுக்கு யாரும் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை.

1967-இல் கேரள காங்கிரஸுக்குக் கிடைத்த ஸ்தானங்கள் ஐந்தே, காங்கிரஸுக்கு ஒன்பது. ஏழு கட்சிகளின் ஐக்கிய முன்னணி ராஜ்யத்தையே வாரிக்கொண்டு போன அந்த அலையில் தப்பிய ஐந்து பேரில் ஒருவராகச் சபைக்கு வந்த மாணிக்கு, எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்து சபை நடவடிக்கை விதிகளைக் கற்பதற்கு அவகாசம் தாராளமாகக் கிடைத்தது. 1970-இல் பாலா அவரைக் கிட்டத்தட்டக் கைவிட்டது. பிற்காலத்தில் மேகாலயாவின் கவர்னரான காங்கிரஸ் அபேட்சகர் எம். எம். ஜேக்கபை அவர் ஜெயித்தது 364 ஓட்டு வித்தியாசத்தில். பாலாவில் மாணியை யாராலும் தோற்கடிக்க முடியாது என்ற பேச்சு பிற்காலத்தில் பரவியது. அந்தப் பேச்சை நம்பியவர்கள் 364-ஐ மறந்துவிட்டார்கள். மாணி மறந்ததாகத் தோன்றவில்லை. தொகுதியில் நடக்கிற கல்யாணத்துக்கும் சாவு வீட்டுக்கும் தவறாமல் போய் நிற்பதை அவர் ஒரு விரதம்போலக் கடைப்பிடித்தார். மந்திரியாகத் திருவனந்தபுரத்தில் இருந்தாலும் பாலாவுக்கு வருவதை விடவில்லை. பாலா தமக்கு இரண்டாவது மனைவி என்று அவர் வேடிக்கையாகச் சொல்வது கேரளம் முழுவதும் பிரசித்தம். மந்திரியின் ஊர் என்பதற்காகப் பாலாவின் சாலைகளுக்கு அள்ளிக் கொட்டுகிறார் என்ற புகாரும் அதே அளவுக்குப் பிரசித்தம். வெள்ளை வேஷ்டி சட்டையோடு, ‘மாணி சார்’ என்று சிறியவர் பெரியவர் எல்லாரும் அழைக்கும்படி அவர் நடமாடிய அந்த ஊரில் அரசாங்கம் என்பதும் அவர் என்பதும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. ஜனநாயகத்துக்கு இது நல்லதா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஆனால் தாலுக்கா ஆபீஸில் ஒரு சான்றிதழுக்காகப் பத்து தடவை அலைந்தவனுக்கு அந்தச் சந்தேகம் எழுவதில்லை.

கேரளத்தின் கூட்டணிக் கணிதம் சிறிய கட்சிகளுக்குப் பெரிய உபகாரம் செய்தது. இரண்டு முன்னணிகளும் ஏறத்தாழச் சமபலத்தில் நிற்க, ஐந்து ஸ்தானமும் ஒன்பது ஸ்தானமும் வைத்திருந்தவர்கள் யார் பக்கம் சாய்கிறார்களோ அந்தப் பக்கம் மந்திரிசபை அமைவது வழக்கமாயிற்று. நெருக்கடி நிலைக் காலத்தில், 1975 டிசம்பரில், அச்சுத மேனோனின் மந்திரிசபையில் மாணி முதன்முறையாக நிதி மந்திரியானார். 1977-இல் உள்துறை கிடைத்தது. ஆனால் அவருடைய தேர்தல் செல்லாது என்று கேரள ஹைகோர்ட் அந்த ஆண்டின் இறுதியில் தீர்ப்பளிக்க, ராஜிநாமா செய்தார். சுப்ரீம் கோர்ட் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னபின் 1978 செப்டம்பரில் திரும்பி வந்தார். இடைக்காலத்தில் அந்த இலாகாவை வகித்த அதே கட்சியின் பி. ஜே. ஜோசப், அவருக்காக வழிவிட்டு விலகினார். அந்தத் தயாளம் வெகு நாள் நீடிக்கவில்லை. 1979-இல் இருவரும் பிரிந்தார்கள்.

அன்றிலிருந்து கேரள காங்கிரஸின் சரித்திரம் அடைப்புக்குறிகளின் சரித்திரமாயிற்று. பாலகிருஷ்ண பிள்ளைக்கு ஒரு ‘பி’, ஜோசப்புக்கு ஒரு ‘ஜே’, மாணிக்கு ஓர் ‘எம்’ என்று தலைவருக்கோர் எழுத்து. 1985-இல் சேர்ந்தார்கள், 1987-இல் பிரிந்தார்கள், 2010-இல் ஜோசப் மறுபடியும் வந்து சேர்ந்தார். தம் கட்சி வளர வளரப் பிளக்கும், பிளக்கப் பிளக்க வளரும் என்று மாணியே சொன்னதாக ஒரு வாசகம் உண்டு. கேட்பதற்கு நகைச்சுவை, உள்ளே இருப்பதோ சுத்தமான அரசியல் அறிவு. விவசாயிகளின் நலன் ஒன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லி இலாகா பெறக்கூடிய முன்னணிகள் இரண்டாக இருந்தபடியால், கட்சியும் இரண்டாக இருந்தது.

1980-இல் மாணி மார்க்சிஸ்டுகளோடு சேர்ந்து ஈ. கே. நாயனாரின் மந்திரிசபையில் நிதி மந்திரியாக உட்கார்ந்ததை இந்த வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். விவசாயத் தொழிலாளர்களுக்குப் பென்ஷன் என்ற திட்டம் ஏற்பட்டது அந்த மந்திரிசபையின் காலத்தில்தான். நிலச்சொந்தக்காரர்களின் கட்சி என்று பெயர் பெற்ற ஒரு கட்சியின் தலைவர் கையொப்பத்தோடு கூலிக்காரனுக்கு முதுமைக்காலப் படி போய்ச் சேர்ந்ததை, அவரை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் போதிய அளவுக்குக் கவனித்ததாகத் தெரியவில்லை. சிறு விவசாயியும் கூலியாளும் கைத்தொழிலாளியும் ஒரே உழைக்கும் வர்க்கம் என்று வாதித்து ‘அத்வான வர்க்க சித்தாந்தம்’ என்ற பெயரில் அவர் ஒரு கொள்கையையே எழுதிவைத்தார். மார்க்சியத்துக்கு மாற்றாக அதை அவர் முன்வைத்தபோது கம்யூனிஸ்டுகள் சிரித்தார்கள். தத்துவமாக அது எடுபடவில்லை என்பதில் எனக்கும் மாறுபாடில்லை. ஆனால் இரண்டு ஏக்கர் ரப்பர் வைத்திருப்பவனை ‘முதலாளி’ என்று அழைக்க மறுத்த வரையில், மீனச்சில் நிலவரம் அதற்கு அனுகூலமாகத்தான் இருந்தது.

1981 அக்டோபரில் மாணியும் ஏ. கே. ஆன்டனியின் குழுவினரும் ஆதரவை விலக்கிக்கொள்ள, நாயனார் மந்திரிசபை விழுந்தது. டிசம்பரில் கே. கருணாகரன் அமைத்த மந்திரிசபையிலும் நிதி மாணியிடமே. அந்தச் சபையில் இரு தரப்பும் சரிசமமாக நின்றதால், சபாநாயகர் ஏ. சி. ஜோஸ் தம்முடைய தீர்மான ஓட்டைப் போட்டுப் போட்டு மந்திரிசபையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அந்த விசித்திரம் 1982 மார்ச்சில் முடிவுக்கு வந்தது. முடித்துவைத்தவர் மாணியின் கட்சியைச் சேர்ந்த லோனப்பன் நம்பாடன் என்ற ஒற்றை அங்கத்தினர். ஒற்றை ஆளின் ஓட்டு என்ன விலை பெறும் என்பதைத் தம் கட்சிக்காரர்களுக்கு மாணி நன்றாகவே கற்றுக்கொடுத்திருந்தார் என்றுதான் சொல்லவேண்டும்.

தொண்ணூறுகளிலும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் அவர் வகித்தது வருவாய் இலாகா. 1977 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பு வனநிலங்களில் குடியேறி உழுது வந்தவர்களுக்குப் பட்டா வழங்குவதற்கான விசேஷ விதிகள் 1993-இல் வந்தன. மீனச்சிலிலிருந்தும் அதன் சுற்றுப்புறத்திலிருந்தும் நாற்பதுகள் தொடங்கி உயர்மலைப் பிரதேசத்துக்கும் மலபாருக்கும் மூட்டை கட்டிக்கொண்டு போன குடும்பங்களுக்கு அது வாழ்க்கைப் பிரச்னை. காட்டைக் காக்க விரும்பியவர்களுக்கோ பெருங்குற்றம். இரு தரப்பு வாதத்திலும் வலுவுண்டு. மாணி எந்தத் தரப்பின் வக்கீல் என்பதை அவர் ஒருபோதும் ஒளித்ததில்லை.

2011-இல் ஐக்கிய ஜனநாயக முன்னணிக்கு 72, இடது முன்னணிக்கு 68 என்று முடிவு வந்தபோது, ஒன்பது பேரோடு நின்ற மாணி இல்லாமல் உம்மன் சாண்டியின் மந்திரிசபை ஒரு நாளும் நிலைத்திருக்க முடியாது. மறுபடியும் நிதி இலாகா. அப்போது அவர் கொண்டுவந்தவற்றுள் ஜனங்கள் இன்றும் பேசுவது ‘காருண்யா’ லாட்டரி: வாரந்தோறும் நடக்கும் சீட்டுக் குலுக்கலின் லாபத்தைக் கொண்டு, புற்றுநோய், இருதய நோய், சிறுநீரக நோய் முதலியவற்றால் பீடிக்கப்பட்ட ஏழைகளுக்குச் சிகிச்சைச் செலவு கொடுப்பது. சூதாட்டத்தின் பணத்தைத் தர்மத்துக்குச் செலவிடுவதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு; நானும் அந்த ஜாதியைச் சேர்ந்தவன்தான். ஆயினும் டயாலிஸிஸுக்கு வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போகிறவனின் குடும்பத்தார் முன்னால் இந்த ஆட்சேபணையைச் சொல்லிப் பார்த்தால், அதன் கனம் எவ்வளவு என்பது விளங்கிவிடும்.

இனி, அவருடைய நீண்ட வாழ்க்கையில் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்ட ஒரு நாளுக்கு வருகிறேன். 2014-இல் தரம் குறைந்தவை என்று 418 மதுபானக் கூடங்களின் லைசென்ஸ் புதுப்பிக்கப்படாமல் நின்றபோது, அவற்றைத் திறக்க உதவுவதற்காக நிதி மந்திரி ஒரு கோடி ரூபாய் வாங்கினார் என்ற குற்றச்சாட்டு மதுக்கூட உரிமையாளர்கள் தரப்பிலிருந்து எழுந்தது. மாணி அதை மறுத்தார். ஊழல் தடுப்புப் போலீசார் வழக்குப் பதிந்தார்கள். வழக்கில் சிக்கியவர் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பிக்க விடமாட்டோம் என்று இடது முன்னணி சபதம் செய்தது. 2015 மார்ச் 13-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, அவர் தம்முடைய பதின்மூன்றாவது திட்டத்தைச் சமர்ப்பிக்க வேண்டிய நாள். முந்தின இரவு எதிர்க்கட்சியினர் சபையிலேயே படுத்துக்கொண்டார்கள். 82 வயதான நிதி மந்திரியும், வெளியே மறியல் நடக்குமென்று அஞ்சி, சட்டசபைக் கட்டிடத்திலேயே இரவைக் கழித்தார். காலையில் சபாநாயகர் என். சக்தனை மேடைக்கு வரவிடாமல் தடுத்த அங்கத்தினர்கள், அவருடைய நாற்காலியைத் தூக்கிக் கீழே எறிந்தார்கள். மேஜைமேலிருந்த கம்ப்யூட்டரும் ஒலிபெருக்கியும் உடைந்தன. காவலர்களும் ஆளுங்கட்சி அங்கத்தினர்களும் அரண்போலச் சுற்றி நிற்க, மாணி நுழைந்து, சபாநாயகர் கையசைத்துச் சைகை காட்டியதும், கூச்சலுக்கு நடுவே சில வரிகளைப் படித்துவிட்டுத் திட்டத்தைச் சபையின் மேஜைமேல் வைத்தார். ஆளுங்கட்சியினர் அங்கேயே லட்டு வழங்கினார்கள்.

அரசியல் சாசனம் கேட்பது, ஆண்டு நிதி அறிக்கை சபையின் முன் வைக்கப்படவேண்டும் என்பதை. அது கேட்கப்படவேண்டும் என்றோ அமைதியாகப் படிக்கப்படவேண்டும் என்றோ சாசனம் சொல்லவில்லை. மாணி அரை நூற்றாண்டாக விதிகளைப் படித்தவர். எவ்வளவு செய்தால் போதும் என்பது அவருக்குத் தெரியும். சட்டத்தின் அளவுக்கு அவர் ஜெயித்தார் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிர்க்கட்சி வரிசையில் ஐந்து பேரில் ஒருவராக உட்கார்ந்து வாதத்தால் மட்டுமே தம்மைக் காட்டிக்கொண்ட ஒருவர், தம்முடைய கடைசித் திட்டத்தை யாருக்கும் கேளாமல் படித்து, அதற்காக லட்டு வாங்கிக்கொண்டதை வெற்றி என்று எழுத என் பேனா கூசுகிறது. நாற்காலியைத் தூக்கி எறிந்தவர்களின் காரியத்தை எழுதுவதற்கு இன்னும் அதிகமாகக் கூசுகிறது.

அந்தக் கூச்சலில் யார் காதிலும் விழாத பக்கங்களில்தான் ரப்பர் இருந்தது. 2011-இல் கிலோ 240 ரூபாயைத் தொட்ட விலை விழுந்துகொண்டே வந்திருந்தது. 2016-இன் தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே போயிற்று. கிலோவுக்கு 150 ரூபாய் விவசாயிக்குக் கிடைக்கும்படி, சந்தை விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை அரசாங்கமே ஈடு செய்ய 300 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. டில்லியின் அதிகாரத்திலும் உலகச் சந்தையின் அதிகாரத்திலும் இருந்த ஒரு விலையில், ராஜ்ய நிதி மந்திரி ஒருவர் தம் கையை எவ்வளவு தூரம் நீட்ட முடியுமோ அவ்வளவு தூரம் நீட்டியது அந்த ஒதுக்கீடு. அவருடைய ஐம்பது வருஷ உத்தியோகத்தின் நோக்கம் முழுவதும் இந்த ஒரு பத்தியில் அடங்கியிருந்தது. மறுநாள் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் வந்தது நாற்காலி.

2015 நவம்பரில், சீஸரின் மனைவி சந்தேகத்துக்கும் அப்பாற்பட்டவளாக இருக்கவேண்டும் என்ற பழமொழியை எடுத்துக்காட்டி ஹைகோர்ட் கடுமையாகப் பேசியதும், 10-ஆம் தேதி அவர் ராஜிநாமா செய்தார். போலீசார் ஒரு தடவைக்கு மேலேயே சாட்சியமில்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். விசாரணை நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. குற்றம் நிரூபிக்கப்படாமலும் துடைக்கப்படாமலும் வழக்கு அவரோடு மடிந்தது. 2016 தேர்தலில் பாலா அவரை 4,703 ஓட்டு வித்தியாசத்தில் திரும்ப அனுப்பியது. அவரை எதிர்த்து நின்றவர் சினிமாத் தயாரிப்பாளரான மாணி சி. காப்பன்; 2006-இலும் 2011-இலும் அவரே நின்றார். தொண்ணூறுகளில் இருபதாயிரத்தைத் தாண்டிய வித்தியாசம், 2006-இல் எட்டாயிரத்துக்கும் கீழே இறங்கி, 2011-இல் 5,259 ஆகி, அதன்பின் இந்த 4,703-க்கு வந்திருந்தது. தொகுதியின் மனம் மெல்ல மெல்ல விலகிக்கொண்டிருந்தது. ரப்பரின் விலையும் அதே காலத்தில் விழுந்துகொண்டிருந்தது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நான் சாதிக்க வரவில்லை. பிள்ளைகள் மரம் வெட்டாமல் நர்ஸ் வேலைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்ட வீடுகளில், ஷீட்டு விலையைப் பேசும் தலைவரின் தேவையும் குறையும் என்பதை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன்.

அவர் மறைந்த ஐந்து மாதத்தில், 2019 செப்டம்பரில் நடந்த உபதேர்தலில், கட்சியின் இரண்டு இலைச் சின்னத்தை மாணியின் மகன் ஜோஸ் நிறுத்திய அபேட்சகருக்குக் கொடுக்க ஜோசப் மறுத்துவிட்டார். தமிழ் நாட்டில் அந்தச் சின்னத்துக்காக நடந்த சண்டைகளை அறிந்த நமக்கு இது புதிதல்ல. அபேட்சகர் அன்னாசிப்பழச் சின்னத்தில் நின்றார். காப்பன் 2,943 ஓட்டில் ஜெயித்தார். 2020 அக்டோபரில் ஜோஸ், தம் தகப்பனாரின் திட்டத்தைத் தடுக்க நாற்காலி எறிந்த அதே இடது முன்னணியில் சேர்ந்தார். அதற்கு முன்பே, அவ்வருஷம் பிப்ரவரியில், இடது முன்னணியின் நிதி மந்திரி தாமஸ் ஐசக் தம்முடைய திட்டத்தில் மாணியின் ஞாபகார்த்தத்துக்கென ஐந்து கோடி ரூபாய் ஒதுக்கியிருந்தார். 2021-இல் ஜோஸ் பாலாவில் நின்றபோது, காப்பன் முன்னணி மாறி எதிர்த்து நின்று 15,378 ஓட்டில் அவரைத் தோற்கடித்தார்.

நாற்காலியை எறிந்த அங்கத்தினர்கள்மேல் போடப்பட்ட வழக்கும் நடந்துகொண்டிருந்தது. அதை வாபஸ் வாங்க இடது முன்னணி அரசாங்கம் அனுமதி கேட்டு, கீழ்க் கோர்ட்டிலும் ஹைகோர்ட்டிலும் தோற்று, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. அங்கே 2021 ஜூலையில் அரசாங்க வக்கீல், அங்கத்தினர்கள் ஊழல் மந்திரி ஒருவரை எதிர்த்தே ஆர்ப்பாட்டம் செய்தார்கள் என்று வாதித்துவிட்டார். மாணியின் கட்சி அப்போது அதே அரசாங்கத்தில் பங்காளி. பாலாவில் கொதிப்பு எழவே, அடுத்த விசாரணையில் அந்த வாதம் மெல்லத் திருத்தப்பட்டது. ஜூலை 28-ஆம் தேதி, நீதிபதிகள் சந்திரசூடும் எம். ஆர். ஷாவும் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். சபைக்குள் பேசும் சுதந்திரத்துக்குச் சாசனம் அளிக்கும் பாதுகாப்பு பொதுச் சொத்தை உடைப்பதற்கு நீளாது என்றும், குற்றம் சாட்டப்பட்ட அங்கத்தினர்கள் மற்றப் பிரஜைகளைப்போல விசாரணையைச் சந்திக்கவேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. அவர்களில் ஒருவர் அப்போது ராஜ்யத்தின் கல்வி மந்திரி. உடைந்த பொருள்களின் மதிப்பு 2,20,093 ரூபாய் என்று குற்றப்பத்திரிகையில் கண்டிருந்தது.